நிற்கத் தெரியாத பிளேயர்

அரியலூர்
24 ஏப்ரல் 2025

தம்பி செபஸ்டினுக்கு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "கஸ்டமர் நிக்கிறாங்கக்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் மெயில் எழுதுகிறேன். இதைப் படிக்கும்போதாவது கஸ்டமர் யாரும் நிற்காமல் இருக்கட்டும்.

இசைத்தோணி பாட்டுத் தளத்தை மூடுகிறார்களாம். இந்த மாதக் கடைசியோடு சரி. "எங்களோடு பயணித்த உங்களுக்கு நன்றி" என்று ஒரு மெயில் வந்திருக்கிறது. நன்றியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நம் பாடகற்குழுவின் பாட்டெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கோயில் கீபோர்டைத் துணி போட்டு மூடினாயே, அதற்கு முன் ஒவ்வொரு பாட்டுக்கும் இசையை மட்டும் வாசித்துப் பதிந்து அதில் ஏற்றிவிட்டுப் போனாய். "இனிமே நான் வரலைன்னாலும் இது வாசிக்கும்" என்றாய். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைக் கம்ப்யூட்டரில் போட்டுத்தான் பாடிக்கொண்டிருக்கிறோம்.

செல்போனில் போட முடியாது. போன வருடம் பூசையில் ஃபாதர் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்ற நேரத்தில், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற நம் லாரி டிரைவர் மரிய செல்வத்துக்கு ஒரு லாரி ஓனர் போன் செய்ததிலிருந்து, பாடகர் மாடத்துக்குள் போனே வரக்கூடாது என்று ஃபாதர் சொல்லிவிட்டார்.

ஜூன் 13 அந்தோணியார் திருவிழா. அதற்குள் எனக்குப் பாட்டுகள் வேண்டும். அவற்றைக் கம்ப்யூட்டரில் போட ஏதாவது ஒரு பிளேயரும் வேண்டும். உனக்குக் கல்யாணக் கச்சேரிகள் இருக்கும். நடுவில் பத்து நிமிடம் ஒதுக்கு.

அக்கா
சகாய பிரியா


பெரம்பலூர்
25 ஏப்ரல் 2025

அக்கா,

பாட்டெல்லாம் என் பழைய ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. லிங்க் கீழே. இசைத்தோணியிலேயே நீ டவுன்லோட் செய்து வைத்திருந்தால் அதை நம்பாதே. கடை மூடினால் அதுவும் பாடாது.

பிளேயர் லிங்க்கும் கீழே. நெட் வேண்டாம். விளம்பரம் வராது. இன்ஸ்டால் செய்யும்போது கண்ணை மூடிக்கொண்டு நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்தாதே.

செபா


அரியலூர்
28 ஏப்ரல் 2025

தம்பிக்கு,

உன் பிளேயர் நேற்று செய்த காரியத்தைச் சொல்கிறேன், கேள்.

திருவிருந்துப் பாட்டு முடிந்தது. எல்லோரும் முழங்காலில் இருந்தார்கள். ஃபாதர் நாற்காலியில் அமர்ந்து கண்ணை மூடிவிட்டார். ஊசி விழுந்தால் கேட்கும். அந்த அமைதியில் உன் பிளேயர் தானாகவே அடுத்த பாட்டுக்குப் போனது. அடுத்தது என்ன தெரியுமா? தேர்பவனிப் பாட்டு. தவில் சத்தத்தோடு.

மரிய செல்வம் மவுஸைப் பிடிக்கப் பாய்ந்தான். குறைப்பதாக நினைத்துக் கூட்டிவிட்டான். கீழே இரண்டு குழந்தைகள் கை தட்டத் தொடங்கின. கோயில் உபதேசியார் சின்னப்பராஜ் அண்ணன் மேலே ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று படியேறி ஓடிவந்தார். பூசை முடிந்ததும் ஃபாதர் என்னிடம் கேட்டார்: "என்ன டீச்சர், ஜூன்ல இழுக்க வேண்டிய தேர இன்னைக்கே இழுத்துட்டீங்க?"

ஒரு பாட்டு முடிந்தால் நிற்க வேண்டும். உலகத்தில் நான் கேட்கக்கூடாததையா கேட்கிறேன்?

இன்னொன்று. பாட்டுகளை இறக்கியபின் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதலில் வரும் பாட்டுகளில் இடது கை அழகாக ஓடுகிறது. போகப் போக ஒரே சுரத்தில் தேங்கி நிற்கிறது. கல்யாண வீட்டில் இப்படி வாசித்தால் சும்மா விடுவார்களா? கோயில்தானே, கேட்க ஆள் இல்லை என்று நினைத்துவிட்டாய்.

அக்கா


பெரம்பலூர்
30 ஏப்ரல் 2025

அக்கா,

அடுத்த தடவை அப்படி ஆனால் மவுஸைத் தேடாதீர்கள். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்குங்கள்.

வேறு பிளேயர் அனுப்பியிருக்கிறேன். இதில் 'ஒரு பாட்டோடு நிறுத்து' என்று ஒரு வசதி உண்டு. படம் எடுத்து வட்டம் போட்டிருக்கிறேன். வட்டத்துக்குள் மட்டும் அழுத்து.

செபா


அரியலூர்
12 மே 2025

தம்பிக்கு,

நின்றது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒழுங்காக நின்றது. அதில் குறை சொல்ல மாட்டேன்.

நேற்று புதுநன்மை, பிள்ளைகள் முதன்முதலாகத் திருவிருந்து வாங்குகிற நாள். வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் மெழுகுவர்த்தி ஏந்தி வரிசையாக உள்ளே வந்தார்கள். நான் பாட்டுகளுக்கெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண் போட்டு வைத்திருந்தேன். வருகைப் பாட்டு எண் 1. அது ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவதுக்கு மரிய செல்வம் இரண்டாவது வரியை அழுத்தினான். உன் பிளேயர் 1-க்கு அடுத்து 10-ஐ வைத்திருக்கிறது. 2 அதற்கும் கீழே கிடக்கிறது. 10 என்னவென்றால் அடக்கப் பூசைக்குப் பாடுகிற பாட்டு. யாருக்கும் வேண்டாம் என்றுதான் கடைசியில் வைத்திருந்தேன்.

பிள்ளைகளைப் பெற்றவர்கள் மொத்தமாகத் திரும்பி மாடத்தைப் பார்த்தார்கள். ஒரு அம்மா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏன் டீச்சர், எம்புள்ள நல்லாருக்கணும்னு தான நீங்க நினைப்பீங்க?" என்று கேட்டார். எண் வரிசை மாறிவிட்டது என்று சொன்னால் அவருக்குப் புரியுமா?

இந்தக் கூத்து எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான். பெரம்பலூரிலிருந்து இங்கே ஒரு மணி நேரம். சிமெண்ட் லாரி முன்னால் மாட்டிக்கொண்டால் இன்னும் கொஞ்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கீபோர்டில் உட்கார். நான் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். நீ தந்தி மாதிரி ரெண்டு வரி அனுப்புகிறாய். அந்த ரெண்டு வரியிலும் நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு சொல் கிடையாது.

அக்கா


பெரம்பலூர்
13 மே 2025

அக்கா,

1, 2 என்று எண் போடாதே. 01, 02 என்று போடு. வரிசையாக நிற்கும்.

அந்த பிளேயரையும் எடுத்துவிடு. மூன்றாவதாக ஒன்று அனுப்புகிறேன். ஃபோல்டரில் நீ அடுக்கியபடியே காட்டும். தன் புத்தியைக் காட்டாது.

நன்றாக இருக்கிறேன். ஞாயிறு வர முடியாது. திருவிழாவுக்குத் திருச்சியிலிருந்து ஆள் கூப்பிடு. காணிக்கைப் பாட்டில் கடைசிச் சரணத்துக்குச் சுருதி மாறும். அவருக்கு முன்னாலேயே சொல்லிவிடு.

செபா


அரியலூர்
19 மே 2025

தம்பிக்கு,

மூன்றாவது பிளேயர் நிற்கிறது. வரிசையும் சரி. ஃபாதரே "பரவால்லயே டீச்சர்" என்றார். நான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் நேற்று வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூடப் பிடிக்கவில்லை.

வருகைப் பாட்டில் பல்லவியின் கடைசி வரியை நம் ஊர்ப் பெண்கள் இழுப்பார்கள் என்று உனக்குத் தெரியும். அவர்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் பெட்டி அடுத்த சரணத்தைத் தொடங்கிவிடுகிறது. நாங்கள் கிளம்பிவிட்ட பஸ்ஸைத் துரத்துகிற மாதிரி பின்னாலேயே ஓடுகிறோம். இந்த இரண்டு வருடமும் இப்படித்தான் ஓடியிருக்கிறோம். மற்ற கோளாறுகள் தீர்ந்தபின்தான் இது என் காதில் விழுகிறது. எங்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துப் போகிற பிளேயர் எது, சொல். அதற்கும் வட்டம் போட்டு ஒரு படம் அனுப்பு.

திருச்சி ஆள் வேண்டாம். கோயிலில் கீபோர்டு இருக்கிறது. வாசிக்கத் தெரிந்த தம்பி எனக்கு இருக்கிறான். வெளியூர் ஆளைக் கூப்பிட்டால் ஊர் என்னைத்தான் கேட்கும். சனிக்கிழமை நானே உன் கடைக்கு வருகிறேன். வர முடியாது என்பதை என் முகத்தைப் பார்த்துச் சொல்.

அக்கா


பெரம்பலூர்
20 மே 2025

அக்கா,

சனிக்கிழமை கடையில் இருக்க மாட்டேன். வராதே.

செபா


அரியலூர்
25 மே 2025

செபா,

நேற்று வந்தேன். நீ கடையில்தான் இருந்தாய்.

பெரம்பலூர் பாலக்கரையில் இறங்கி நடந்து வந்தேன். உனக்குப் பிடிக்குமே என்று கருவாட்டுக் குழம்பு வைத்துத் தூக்குவாளியில் எடுத்து வந்திருந்தேன். என்னென்ன திட்ட வேண்டும் என்று பஸ்ஸிலேயே மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தேன். எதிர்ப்பக்கத்து டீக்கடை அருகில் ரோட்டைக் கடக்க நின்றபோது, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உன்னைப் பார்த்தேன். ஒரு லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாய். வலது கையில் ஸ்க்ரூடிரைவர். இடது கை மேசைமேல் சும்மா கிடந்தது. கடைசி இரண்டு விரலும் உள்ளே மடங்கியிருந்தன. உன் கடையில் வேலை செய்கிற பெண்ணை நீ கூப்பிட, அவள் வந்து வயரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கையாலேயே முடுக்கி முடித்தாய்.

டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "அந்தக் கம்ப்யூட்டர் கடைத் தம்பிக்குக் கையில என்னங்க?"

"அதுங்களா, நரம்புல கோளாறுன்னு சொன்னாரு. திருச்சில ஆப்பரேசன்லாம் பண்ணுனாரு. அப்பறமும் சரியா வரல. வேலைக்கு நடுவுல அந்தக் கையில டம்ளர் புடிச்சா நழுவிரும், அதான் அவருக்கு மட்டும் பேப்பர் கப்புல குடுத்துடுவேன். உங்களுக்குத் தெரிஞ்சவருங்களா?"

"தெரிஞ்சவருதான்" என்றேன்.

ரோட்டைக் கடக்கவே இல்லை. தூக்கோடு திரும்பிப் பஸ் ஏறிவிட்டேன்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தவன் சாப்பிடும்போதுகூட இடது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை. திமிர் என்று நினைத்தேன். உனக்கு எந்த கப்பில் டீ கொடுக்க வேண்டும் என்று டீக்கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. உடன்பிறந்த எனக்குத் தெரியவில்லை. இதற்கு ரெண்டு வரி அனுப்பாதே.

அக்கா


பெரம்பலூர்
27 மே 2025

அக்கா,

ரெண்டு வரிக்குமேல் எழுதுகிறேன். வலது கையால் மட்டும் தட்டுகிறேன், நேரமாகும். இத்தனை நாளும் சுருக்கமாக எழுதியதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் சுண்டுவிரல் மரத்துப் போக ஆரம்பித்தது. தூங்கும்போது கையை மடித்துப் படுத்திருப்பேன் என்று விட்டுவிட்டேன். பிறகு மோதிர விரலும் சேர்ந்துகொண்டது. முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார்கள். ஆப்பரேஷன் செய்தார்கள். "முன்னாடியே வந்திருக்கணும் தம்பி" என்றார் டாக்டர். முன்னாடி எனக்குத் தெரியாதே. வலி போயிற்று. விரல் திரும்பி வரவில்லை.

கல்யாணக் கச்சேரி என்று உன்னிடம் சொன்னது பொய். பெரம்பலூர் வந்தபின் ஒரு மேடையும் நான் ஏறவில்லை.

விரல் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்ததும்தான் பாட்டுகளைப் பதிந்தேன். இடது கையின் கீழ்ச்சுரங்களையும் வலது கையாலேயே தனியாக வாசித்து ஒட்டியிருக்கலாம். முடிகிறவரை இடது கைதான் வாசிக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். ஒரே சுரத்தில் தேங்கி நிற்கிறது என்றாயே, அவையெல்லாம் கடைசியாகப் பதிந்தவை. அப்போது அந்தப் பக்கத்தில் ஒரு விரல்தான் சொன்னபடி கேட்டது. நீ அதைக் குறை சொன்னபோது கோபம் வந்தது. ஒருத்தராவது கவனித்துக் கேட்டிருக்கிறாரே என்றும் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால் அடுத்த ஞாயிறே மன்றாட்டில் என் பெயர் வந்திருக்கும். "செபஸ்டினின் கைவிரல்களுக்காக" என்று நீ மைக்கில் வாசிக்க, ஊரே "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லும். பூசை முடிந்து ஒவ்வொருவராக வந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். என்னால் அது முடியாது அக்கா. வராமல் இருந்தால் நீ திட்டுவாய். உன் திட்டு எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம்.

பொறுத்துப் போகிற பிளேயர் எது என்று கேட்டாய். தேடிப் பார்த்தேன். அப்படி ஒன்று இல்லை.

குழம்பைத் திரும்ப எடுத்துப் போனதை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

செபா


அரியலூர்
28 மே 2025

செபா,

உன் பெயரை மன்றாட்டில் சேர்க்க மாட்டேன். என் பெயரைச் சேர்த்துக்கொள்கிறேன், பொறுமை வேண்டி.

உன்மேல் எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இல்லை. ஆப்பரேஷன் தியேட்டருக்கு வெளியே யார் உட்கார்ந்திருந்தார்கள்? யார் கஞ்சி கொடுத்தார்கள்? சட்டைப் பொத்தானை எப்படிப் போடுகிறாய்? இதையெல்லாம் நினைத்து நினைத்து இன்று கோடை விடுமுறை வகுப்பில் ஒரே கணக்கை இரண்டு முறை தப்பாகப் போட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

வாசிக்க வா என்று இனி சொல்ல மாட்டேன். வேறு ஒன்று சொல்கிறேன், முழுதும் படி.

இன்று சாயங்காலம் கோயிலுக்குப் போய், மாடத்தில் தனியாக உட்கார்ந்து அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டைத் தொடங்கவும் நிறுத்தவும் எழுத்துகளுக்கு அடியில் இருக்கிற நீள ஸ்பேஸ்பார் கட்டை ஒன்று போதும். அதற்கு ஒரு விரல் போதும். ஆனால் எப்போது அழுத்துவது என்று தெரிந்த ஆள் வேண்டும். மரிய செல்வத்துக்கு லாரி ஓட்டத் தெரியும், பாட்டின் மூச்சு தெரியாது. பெண்கள் எவ்வளவு நேரம் இழுப்பார்கள், ஃபாதர் எந்த இடத்தில் தும்முவார், நான் எங்கே அவசரப்படுவேன் என்பதெல்லாம் உனக்குத்தான் தெரியும்.

அந்த இடத்தில் வந்து உட்காருவாயா? கேட்கத்தான் செய்கிறேன். கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தாமல் எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

அக்கா


பெரம்பலூர்
2 ஜூன் 2025

அக்கா,

கட்டையை நிறுத்தி நிறுத்தி அழுத்தினால் இசை வெட்டுப்பட்டுக் கேட்கும். அதற்கு வேறு வழி இருக்கிறது. ஒவ்வொரு பாட்டையும் பல்லவி தனியாக, சரணம் தனியாக வெட்டிவிட வேண்டும். ஒவ்வொரு துண்டின் கடைசிச் சுரத்தையும் கொஞ்சம் நீட்டிவிட வேண்டும். ஒரு துண்டு முடிந்ததும் பிளேயர் நிற்கும். ஊர் இழுத்து முடித்ததும் அடுத்ததை விட வேண்டும். திருவிழாப் பாட்டுகள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். கடையில் வேலை செய்கிற வினோதினி உதவி செய்தது. கடையில் நாலு நாளாகப் பக்திப் பாட்டுதான். லேப்டாப் வாங்க வந்தவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

வருகிறேன். ஆனால் யாரும் பக்கத்தில் வந்து நிற்கக்கூடாது. கையைப் பற்றி யாராவது கேட்டால் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ எனக்கு முன்னால் பதில் சொல்லாதே. கீபோர்டு மேல் இருக்கிற துணியை யாரும் எடுக்க வேண்டாம்.

மரிய செல்வத்திடம் வருத்தப்பட வேண்டாம் என்று சொல். வயரைப் பிடுங்குகிற பொறுப்பு அவருக்குத்தான்.

செபா


அரியலூர்
14 ஜூன் 2025

செபா,

நேற்று பூசை முடிந்து, தேரும் நிலைக்கு வந்து, நீ பஸ் பிடிக்கிற அவசரத்தில் கிளம்பிவிட்டாய். பேச நேரமில்லை. அதனால் எழுதுகிறேன்.

எல்லாம் நன்றாக இருந்தது. ஃபாதர் என்னிடம் மூன்று முறை சொல்லிவிட்டார். பல்லவியை இழுத்து முடித்துவிட்டு, வழக்கம்போலப் பெட்டி முந்திக்கொள்ளும் என்று பெண்கள் பதறி நிமிர்ந்து பார்த்தார்கள். அது காத்திருந்ததும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அடுத்த பல்லவியில் இன்னும் நீளமாக இழுத்தார்கள். இனி அவர்களை யாரும் பிடிக்க முடியாது. அது உன் தப்பு.

சின்னப்பராஜ் அண்ணன் உன் கையைப் பற்றி உன்னிடம் ஏதோ கேட்டதையும் நீ ஏதோ சொன்னதையும் தூரத்திலிருந்து பார்த்தேன். அவர் உன் தோளைத் தட்டிவிட்டு மணி அடிக்கப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. இதற்கா இரண்டு வருடம்?

ஒரு குறை மட்டும் சொல்லியாக வேண்டும். திருவிருந்துப் பாட்டில் கடைசிச் சரணத்தை நீ ரொம்பத் தாமதமாக விட்டாய். எல்லோரும் தயாராக நிற்கிறோம், ஒன்றையும் காணோம். தூங்கிவிட்டாயோ என்று பயந்தே போனேன். ஞாயிற்றுக்கிழமை அதைச் சரி செய்துகொள்.

அக்கா


பெரம்பலூர்
14 ஜூன் 2025

அக்கா,

தூங்கவில்லை. மற்றவர்கள் தயாராகத்தான் நின்றார்கள். நீ கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாய். திரும்ப மாட்டிக்கொள்ளும் வரை நிறுத்தி வைத்தேன்.

செபா